பெட்பேன் எடுத்த டாக்டர்

பனாய் தீவின் அந்தக் கரையோரத்தில் பையன் பிறந்தால் கப்பல், பெண் பிறந்தால் நர்ஸ் என்று தொட்டிலிலேயே பிரித்து வைத்துவிடுவார்கள். அன்செல்மோ துப்பாஸின் அண்ணன் சொன்னபடி கேட்டுக் கப்பலில் போய் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைத்தான். அன்செல்மோவுக்குக் கடலைப் பார்த்தாலே குமட்டும். அவன் நர்சிங் காலேஜில் போய்ச் சேர்ந்தான். வாடகைக்கு டிரைசைக்கிள் வண்டி ஓட்டும் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். "சரி, படி. அமெரிக்கா போற வரைக்கும் வெளிய சொல்லிக்காதே" என்றார்.

அந்த ஊரில் ஆண் நர்ஸ் என்பது விசா கிடைக்கும் வரை போட்டுக்கொள்ளும் சட்டை. விமானம் ஏறிவிட்டால் அவன் குடும்பத்துக்கே சிங்கம், மாடி வீடு கட்டுவான், சுவரில் போட்டோ மாட்டுவார்கள். ஏறாமல் இங்கேயே இருந்துவிட்டால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும். ஒன்று, பரீட்சையில் தேறாத மண்டு. இல்லையென்றால் பக்லா, அதாவது ஆம்பளை மாதிரி இல்லாத ஆம்பளை. அன்செல்மோ முதல் தடவையிலேயே தேறியவன். அதனால் ஊருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

அவன் போகாததற்குக் காரணம் வேறு. மாகாண ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவுதான். பதினோரு வருஷமாக இதை அவன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டான். ஒருத்தரும் நம்பவில்லை.

சாயங்காலம் அவன் வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் தென்னங்கள் குடிக்கிற கூட்டம் காத்திருக்கும்.

"என்ன செல்மோ, இன்னிக்கு உனக்கு எத்தனை பிரசவம்?" என்பான் பக்கத்து வீட்டு நோனோய்.

"மூணு. அதுல ஒண்ணு உன் மச்சினிச்சிது. ஆம்பளைப் பிள்ளை. பாவம், மூக்கு உன்னை மாதிரியே இருக்கு."

கூட்டம் சிரிக்கும். நோனோய் விடமாட்டான். "அது கிடக்கட்டும். நிஜத்தைச் சொல்லு. நீ பக்லாதானே?"

"இருந்தா உனக்கென்ன, இல்லாட்டி உனக்கென்ன? போன மாசம் உனக்கு ஊசி போட்டேனே, வலிச்சுதா?"

"வலிக்கல."

"அப்ப வாயை மூடிக்கிட்டுக் குடி."

அவனுக்கு தித்தாஸ் என்று மனைவி உண்டு, இரண்டு பெண் குழந்தைகள் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதிலாக அவன் ஒருநாளும் அவர்களை இழுத்து வந்து முன்னால் நிறுத்தியதில்லை. தான் ஆண்பிள்ளை என்பதற்குச் சான்றிதழ் காட்டவா கல்யாணம் செய்துகொண்டான்? அதை நினைத்தாலே அவனுக்கு எரிச்சல் வரும்.

வார்டில் வேறு மாதிரி. பதினாறு கட்டில், முப்பது தாய்மார். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருத்தி தலைமாட்டில், ஒருத்தி கால்மாட்டில். நடுவே கம்பியில் தொங்கும் பழைய படுக்கை விரிப்புதான் திரை. துணைக்குப் பெண்கள் மட்டும்தான் இருக்கலாம், புருஷன்மார் வெளியே மாமரத்தடியில். உள்ளே வரும் ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர் பாரியோஸ், இன்னொருவன் செல்மோ. டாக்டர் வந்தால் மாமியார்கள் எழுந்து நிற்பார்கள். செல்மோ வந்தால் மருமகளின் பாவாடையை இழுத்து விடுவார்கள். கனமான நோயாளியைத் தூக்க வேண்டும் என்றால் மட்டும் எல்லா வார்டிலிருந்தும் குரல் வரும். "செல்மோ சார், ஒரு கை!" தூக்கிவிட்டு வந்தால் மறுபடியும் பாவாடையை இழுத்து விடுவார்கள்.

இந்த லட்சணத்தில்தான் ஜோவெலின் வந்து சேர்ந்தாள்.

இருபது வயது, முதல் பிரசவம், பெண் குழந்தை. தையல் ஆழம், ரத்த அழுத்தமும் இறங்கவில்லை, அதனால் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே மாமியார் சலூட் இருந்தாள். வார்டில் எல்லோரும் அவளை நானாய் என்று கூப்பிட்டார்கள், அம்மா என்பது போல. மருமகள் குளிக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது, பேசக்கூடக் கூடாது என்று நானாய் சட்டம் போட்டிருந்தாள். ஜோவெலினிடம் என்ன கேட்டாலும் பதில் நானாய் வாயிலிருந்துதான் வரும்.

வெள்ளை உடுப்பில் ஒரு ஆண் வந்து நின்றதும் நானாய் எழுந்து நின்றாள். "குட் மார்னிங், டாக்டர்."

"நான் நர்ஸுங்க, நானாய்."

"டாக்டருக்கு எவ்வளவு அடக்கம் பாரு!" என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள்.

அன்று மட்டும் செல்மோ இதை மூன்று தடவை சொன்னான். மறுநாள் இரண்டு தடவை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த நானாய்க்கு அவன் நெஞ்சிலிருந்த பேட்ஜ் வெறும் பளபளப்பு. சொல்லச் சொல்ல அவளுக்கு மரியாதைதான் கூடிக்கொண்டு போனது. அவன் தையலைப் பார்த்தான், வயிற்றை அழுத்திப் பார்த்தான். பால் கட்டிக்கொண்டு கல்லாக இருந்த மார்புக்கு வெந்நீர்த் துணி வைத்து, குழந்தையின் வாயை எப்படிப் பிடித்து வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தான். குழந்தை சப்பிக் குடித்தது. ஜோவெலின் வலி விட்ட மூச்சில் அழுதாள். நானாய் அன்று மத்தியானமே வீட்டுக்கு ஓடி, கால் கட்டிய நாட்டுக்கோழி ஒன்றைக் கொண்டு வந்து, "டாக்டருக்குத்தான்" என்று அவன் கையில் திணித்தாள். அவன் வேண்டாம் என்றான். அவள் அழப் பார்த்தாள். சரியென்று வாங்கிச் சமையல்கட்டில் கொடுத்தான். கோழி முருங்கைக்கீரையோடு சூப்பாகி, வார்டு முழுக்கக் கிண்ணத்தில் வந்தது. நானாயே இரண்டு கிண்ணம் குடித்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் வெடித்தது. ஜோவெலினின் கால்மாட்டில் படுத்திருந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. செல்மோ அவளுக்குப் படுக்கையிலேயே மலம் கழிக்கப் பெட்பேன் வைத்து, எடுத்து, துணி போட்டு மூடிக்கொண்டு நடந்தான். எதிரே கஞ்சித் தூக்கோடு நானாய்.

"அய்யோ டாக்டர்! நீங்க எதுக்கு இதையெல்லாம் தூக்கறீங்க? அந்த நர்ஸுப் பொண்ணுங்க எங்க போய்த் தொலைஞ்சாளுங்க?"

"நானும் நர்ஸுதான், நானாய். முதல் நாள்லேர்ந்து இதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்."

"விளையாடாதீங்க."

"பக்கத்துல யாரையாவது என் பேட்ஜைப் படிக்கச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரி படித்தாள். நானாயின் முகம் மாறியது. கண் செல்மோவின் முகத்திலிருந்து பெட்பேனுக்கு இறங்கி, பெட்பேனிலிருந்து முகத்துக்கு ஏறியது. எந்த டாக்டரும் பெட்பேன் எடுக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று நாளாக 'நீங்க' என்று உருகியவள் ஒரே மூச்சில் இறங்கினாள்.

"அப்ப என் மருமகளைத் தொட்டியே, நீ யாருடா?"

"நர்ஸ்."

"ஆம்பளை!"

"டாக்டர் பாரியோஸும் ஆம்பளைதான், நானாய்."

"அவரு டாக்டர்!"

"அவர் பார்த்த அதே தையலைத்தான் நானும் பார்த்தேன்."

"என் கோழியைக் குடு!"

"கோழியா? நேத்து ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே, அதுதான்."

வார்டே குலுங்கிச் சிரித்தது. செல்மோ அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் அவனுக்கு எப்போதும் ஒரு படி முன்னால் போகும். சிரிப்பில் நானாயின் மானம் போனது. மானம் போன பிறகு அவள் சும்மா இருப்பாளா?

மறுநாள் தலைமை நர்ஸ் பெர்பெத்துவா மேடம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், மடிப்புக் கலையாத உடுப்பு, கீழே உள்ளவர்களிடம் புலி, டாக்டர்களிடம் பூனை. மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று புகார். 'டாக்டர் போல வேஷம் போட்டு, எங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பைத் தொட்டு, ஒரு நாட்டுக்கோழியையும் பறித்துக்கொண்டார்' என்று எழுதியிருந்தது. கீழே நானாயின் கையெழுத்து, அவள் மகன் ரோடெலின் கையெழுத்து. இரண்டாவது காகிதம் இடமாற்ற உத்தரவு. உடனடியாக எலும்பு முறிவு வார்டுக்கு.

"கையெழுத்துப் போடுங்க, செல்மோ சார். புகார் என் டிராயரிலயே தூங்கிடும். அங்க எல்லாரும் ஆம்பளைங்க. தூக்கறதுக்கு அவங்களுக்கும் ஆள் இல்ல. உங்களுக்கும் நிம்மதி."

"போடலைன்னா?"

"டாக்டர் வேஷம்னு எழுதியிருக்காங்க. மணிலாவுல லைசென்ஸ் ஆபீஸுக்கு அனுப்பியாகணும். அங்க போனா லைசென்ஸுக்கே ஆபத்து. தெரியுமில்ல?"

செல்மோ புகாரை இன்னொரு தடவை படித்தான். பயம்தான், சந்தேகமில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று கொதித்தது. பதினோரு வருஷம் இந்தத் தாய்மாரின் ரத்தத்தைத் துடைத்தவன், கடைசியில் தூக்குவதற்கு ஒரு ஜோடி கையா?

"இதுல கையெழுத்துப் போட்டா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிடும், மேடம்."

"அப்படி யாரு சொன்னா?"

"எந்த ஆம்பளை நர்ஸ் மேல எவ என்ன எழுதினாலும், எலும்பு வார்டுக்குத் தூக்கிப் போடலாம்னு ஆயிடும். எனக்கு விசாரணை வேணும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். விசாரணை வேண்டாம் என்று காலில் விழுந்தவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், கேட்டு வாங்கியவனை இப்போதுதான் பார்க்கிறாள். "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றாள்.

வீட்டில் தித்தாஸ் மீனை ஆய்ந்துகொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"லைசென்ஸ் போயிட்டா?" என்றான் செல்மோ.

"உங்கப்பா டிரைசைக்கிள் சும்மாதானே நிக்குது, ஓட்டு. ஆனா தலையைத் தொங்கப் போட்டுட்டு எலும்பு வார்டுக்குப் போனே, இந்த வாசப்படி ஏறாதே."

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. மேடத்தின் அறையில் நீள மேஜை. துறைத் தலைவர் என்ற முறையில் டாக்டர் பாரியோஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே நானாய், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகும் உடுப்பில். அவள் பக்கத்தில் மகன் ரோடெல், கட்டட வேலையின் சிமெண்டு இன்னும் நகத்தில் இருக்க, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"உக்காருங்க" என்றாள் மேடம்.

செல்மோ உட்காரவில்லை. "ஜோவெலின் எங்க?"

"அவ எதுக்கு?" என்றாள் நானாய். "புகார் எழுதினது நான்."

"எழுதினது நீங்க. உடம்பு அவளோடது. அவ வராம நான் உக்கார மாட்டேன்."

"செல்மோ சார், நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு" என்று மேடம் குரலை உயர்த்தினாள்.

"இருக்கட்டும் மேடம். நின்னுட்டே இருக்கேன். எனக்குக் கால் வலிக்காது, பதினோரு வருஷமா நின்னுட்டுத்தான் இருக்கேன்."

டாக்டர் சலித்துக்கொண்டு, "கூப்பிட்டுத் தொலைங்களேன்" என்றார். ஆள் போனது. ஜோவெலின் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். செல்மோவும் உட்கார்ந்தான். பிறகு நானாயைப் பார்த்துக் கேட்டான்.

"நானாய், நான் டாக்டர்னு எப்பவாவது சொன்னேனா?"

"சொல்லல. ஆனா டாக்டர் மாதிரியே இருந்தே!"

"டாக்டர் மாதிரின்னா?"

"ஆம்பளையா இருந்தே. வெள்ளைச் சட்டை போட்டிருந்தே. நல்லாப் பாத்துக்கிட்டே."

"நல்லாப் பாத்துக்கிட்டேனா?"

நானாய் மாட்டிக்கொண்டாள். "அதெல்லாம் ஒரு குறையும் இல்ல" என்று முனகினாள். உடனே சமாளித்து எகிறினாள். "ஆனா டாக்டர் தொட்டா வைத்தியம். நீ தொட்டா அது வேற!"

"அது எப்படி வேறன்னு சொல்லுங்க. இதே கைதான். மூணு நாளைக்கு முன்னாடி இதே கைக்கு நீங்க கோழி குடுத்தீங்க. ஒரு பெட்பேனை எடுத்ததும் இது கெட்ட கையாயிடுச்சா?"

நானாய் மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு சமரசத்துக்கு வந்தாள். "பாருங்க, யாருக்கும் மனசு கஷ்டம் வேண்டாம். நம்ம ஊர்ல பொண்ணுங்களுக்குக் கூச்சம் இருக்கும்தானே? அந்தப் பொண்ணோட கூச்சத்தையும் நாம மதிக்கணும். அதனாலதான் இந்த இடமாற்றம்."

"அவளுக்குக் கூச்சமா இருந்துச்சான்னு யாராவது கேட்டீங்களா?" என்றான் செல்மோ.

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானாய் வழக்கம்போல வாயைத் திறந்தாள், "அவளுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"இருந்துச்சு" என்றாள் ஜோவெலின்.

சின்னக் குரல். செல்மோவுக்குத் திக்கென்றது. இவள் இப்படியே நிறுத்திவிட்டால் அவன் கதை முடிந்தது. மேடம் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"கூச்சமா இருந்துச்சு. ஆனா இவர்கிட்ட இல்ல." ஜோவெலின் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர் வருவாரு, பேசாம திரையை விலக்குவாரு, துணியைத் தூக்குவாரு. கூட நாலு மாணவிங்க நிப்பாங்க. பாத்துட்டு அவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசிட்டுப் போயிடுவாரு. அப்பல்லாம் செத்துப் போயிடலாம் போல இருக்கும். இவரு வந்தா திரைக்கு வெளியவே நிப்பாரு. உள்ள வரலாமான்னு கேப்பாரு. தொடலாமான்னு கேப்பாரு. வேண்டாம்னா நர்ஸ் மயெத் மேடத்தைக் கூப்பிடறேன்னு சொல்வாரு. ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. வயித்துக்குத் தனியா, மாருக்குத் தனியா. இப்படிக் கேக்கற டாக்டர்கூட இருப்பாங்களான்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு."

டாக்டர் பாரியோஸின் முகம் காது வரை சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை. வார்டும் வெளி நோயாளிகளுமாக ஒரு காலையில் நாற்பது பேரைப் பார்க்கிறவர், யாரையும் திட்டாதவர், காசுக்கு ஆசைப்படாதவர். இருபது வருஷத்தில் இப்படி ஒரு குற்றப்பத்திரிகையை அவர் வாங்கியதில்லை.

"இது சம்பந்தமில்லாத பேச்சு" என்றார். "எனக்கு இருக்கற வேலையில ஒவ்வொருத்தர்கிட்டயும் அனுமதி கேட்டுட்டு..."

"டாக்டர்" என்றாள் பெர்பெத்துவா மேடம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும்."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு டாக்டரின் பேச்சை இடைமறித்தது அதுதான் முதல் தடவை. செல்மோ அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் டாக்டர் பக்கம் திரும்பாமல் ஜோவெலினையே பார்த்தாள்.

"முடிச்சுட்டேன்" என்றாள் ஜோவெலின். கொஞ்சம் யோசித்து, "இந்தக் காகிதத்துல என் கையெழுத்து இல்ல. என்னைக் கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ரோடெல் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். "என்கிட்ட நீ சொல்லவே இல்லையே" என்றான்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

நானாய் மட்டும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் சரி. என் கோழி?"

"அதுல ரெண்டு கிண்ணம் நானும்தான் குடிச்சேன். விடுங்க, நானாய்" என்றாள் மருமகள்.

மேடம் இடமாற்ற உத்தரவை எடுத்து ஓரத்தில் எழுதினாள். "நிறுத்தி வைக்கறேன், செல்மோ சார். நீங்க போகலாம்."

அவன் போகவில்லை. "நிறுத்தி வைக்கறதுன்னா நாளைக்கு வேற ஒருத்தி எழுதினா திரும்பவும் எடுப்பீங்க. ரத்துன்னு எழுதுங்க, மேடம்."

"உங்களுக்கு ஓரளவுல நிறுத்தவே தெரியாதா?"

"தெரியாது, மேடம்."

அவள் முறைத்தாள். முறைத்தபடியே முன்பு எழுதியதை அடித்துவிட்டு, ரத்து என்று பெரிதாக எழுதித் தேதி போட்டாள். பிறகு, கேட்காமலே இன்னொரு தாளை எடுத்தாள். பிரசவ வார்டில் எவரும், நர்ஸானாலும் டாக்டரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், தாயின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் திரைக்குள் போக வேண்டும் என்று எழுதி, டாக்டர் பாரியோஸின் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது நானாய் செல்மோவின் வழியை மறித்தாள். "இதோ பாரு. நாளைக்கு நான் நோயாப் படுத்தா நீ என்னைத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரி, நானாய். நீங்க வேண்டாம்னா தொட மாட்டேன். நான் கேக்கறதே அதுக்குத்தானே?"

அவளுக்கு அதில் சண்டை போட இடம் கிடைக்கவில்லை. முனகிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் நான்கு மாணவிகள், அவர்களுக்குப் பின்னால் தட்டோடு செல்மோ. முதல் கட்டிலாக ஜோவெலினின் கட்டில் வந்ததும் டாக்டரின் கை பழக்கத்தில் திரையைப் பிடித்தது. பிடித்த கை அப்படியே நின்றது. முப்பது தாய்மாரும் முப்பது மாமியார்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வரலாமா?" என்றார், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

திரைக்குள்ளிருந்து ஜோவெலினின் குரல் தெளிவாக வந்தது. "கொஞ்சம் நில்லுங்க, டாக்டர். பால் குடுத்துட்டு இருக்கேன்."

டாக்டர் பாரியோஸ் நின்றார். மாணவிகள் நின்றார்கள், செல்மோ நின்றான். இன்னும் முப்பத்தொன்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தை அவசரப்படவில்லை.